தென்னாப்பிரிக்காவில் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்: ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் பக்கம் வந்து குடியேறி, இங்கே ஒரு நாயும் வளர்க்க ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நாட்டு உண்ணிக் காய்ச்சல் நாம் ஊரில் பார்த்த மாதிரி இருக்காது. நேற்று தோட்டத்தில் ஓடிய நாய் இன்று எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும். எங்கள் வீட்டு நாய் பிழைத்துவிட்டது. ஆனால் எந்தப் பரிசோதனையை எப்போது கேட்பது, எது அவசரம், எதற்குப் பொறுக்கலாம் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் போன கிளினிக்கில் ரத்தமே எடுக்காமல் ஊசி போட்டு அனுப்பினார்கள். நாய் தேறவில்லை என்று வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, என்ன நோய்க்கு என்ன ஊசி போட்டார்கள் என்பதற்கு எங்கள் கையில் ஒரு தாளும் இல்லை. அதனால் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: முதலில் ரத்தம், அப்புறம்தான் ஊசி.

இங்கே உண்ணிக் காய்ச்சலில் நாய்களை அதிகம் கொல்வது பேபிசியா ரோசி என்ற ஒட்டுண்ணி. ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். ஹீமாஃபைசாலிஸ் எலிப்டிகா என்ற உண்ணி வழியாகப் பரவுகிறது. நம் ஊர் நாய்களுக்கு வரும் பேபிசியா வோகலி, பேபிசியா கிப்சோனி இரண்டும் வேறு இனங்கள். ரோசி அவற்றைவிடப் பல மடங்கு கொடியது. அடுத்தது எர்லிகியா. இது பாக்டீரியா வகை என்றாலும் உண்ணி வழியாகவே வருவதால் இரண்டையும் சேர்த்தே சோதிப்பார்கள். ஆண்டு முழுக்க ஆபத்து உண்டு. ஆனால் தீபாவளியில் தொடங்கித் தைப்பூசம் தாண்டும் வரை இங்கே கோடை. அந்த மாதங்களில்தான் கிளினிக்குகள் நிரம்பி வழியும்.

1. அன்றே ரத்தம் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுவது, காய்ச்சல், ஒரே மூலையில் சுருண்டு படுப்பது: இவை போதும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மேல் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் உடனே கிளம்புங்கள். சிறுநீர் எந்த நிறம் என்று புல்லில் தெரியாது. வெள்ளை டிஷ்யூ தாளை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். காபி டிகாஷன் நிறத்தில் இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

ஈறு நல்ல சிவப்பாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. சில நாய்களுக்கு ரத்தம் வெளுப்பதற்குப் பதிலாகக் கெட்டிப்பட்டு ஈறு அடர் சிவப்பாகத் தெரியும். அது இன்னும் மோசமான வகை.

ஒரு எச்சரிக்கை. தள்ளாட்டம், வலிப்பு, காரணமில்லாமல் கடிக்க வருவது ஆகியவை மூளையைத் தாக்கிய பேபிசியாவாக இருக்கலாம், வெறிநோயாகவும் இருக்கலாம். குவாசூலு-நாட்டாலில் நாய்களிடையே வெறிநோய் இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட நாயின் வாய்க்குள் கை விட வேண்டாம். போனிலேயே கிளினிக்கில் சொல்லிவிட்டுக் கொண்டு போங்கள்.

2. கிளம்பும் முன் வீட்டில் செய்யக் கூடாதவை

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த டோலோ 650 எல்லா வீட்டிலும் இருக்கும். காய்ச்சல்தானே என்று நாய்க்கு அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். ஏற்கெனவே சிவப்பணு உடையும் நோய். அதோடு இதுவும் சேர்ந்தால் ரத்த அறிக்கையில் எது நோயின் வேலை, எது மாத்திரையின் வேலை என்று பிரிக்கக்கூட முடியாது.

டாக்சிசைக்ளின் மீதம் இருந்தால் அதையும் தொடாதீர்கள். எர்லிகியா கிருமியின் அளவு குறைந்து, பிறகு செய்யும் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

விவசாயக் கூட்டுறவுக் கடையில் மாட்டுக்கு விற்கும் பெரினில் ஊசியை வாங்கித் தானே போட்டுவிடும் பழக்கம் இங்கே சிலரிடம் உண்டு. அக்கம்பக்கத்தில் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் அந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் நரம்பைப் பாதிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மாட்டுக்கான அளவைக் கண்ணால் பார்த்துக் குறைத்துப் போடுவது உயிரோடு விளையாடுவது.

3. கொண்டு போக வேண்டிய காகிதங்கள்

தடுப்பூசிப் புத்தகம் முதலில். வெறிநோய்த் தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம். ஸ்டிக்கரும் தேதியும் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டினால் பாதிக் கேள்வி குறையும். உங்கள் அடையாளச் சான்று அல்லது பாஸ்போர்ட், முகவரி. முன்பு வேறு இடத்தில் எடுத்த ரத்த அறிக்கை இருந்தால் அதுவும்.

இவற்றோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக உண்ணி மருந்து கொடுத்த தேதி, என்ன மருந்து, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, கடந்த சில மாதங்களில் நாய் எந்தெந்த ஊருக்குப் போனது. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வடக்கு குவாசூலு-நாட்டாலில் ஹ்லுஹ்லுவே பக்கம் போய் வந்திருந்தால், செட்சி ஈ பரப்பும் டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணியையும் மருத்துவர் ஸ்லைடில் தேட வேண்டியிருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. உடம்பிலிருந்து எடுத்த உண்ணியை மூடியுள்ள சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டு போனால் அதுவும் உதவும்.

போனில் முன்பதிவு செய்யும்போது 'பிலியரி' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். இங்கே எல்லாரும் பேபிசியாவை அப்படித்தான் சொல்கிறார்கள். "பிலியரி என்று சந்தேகம், ஈறு வெளுத்திருக்கிறது" என்று சொன்னால் மறுநாளுக்குத் தள்ள மாட்டார்கள்.

4. செலவை முதலிலேயே எழுதி வாங்குங்கள்

மதிப்பீட்டைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இங்கே அது வழக்கம்தான். 15 சதவீத வாட் சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் அன்றே பணம் கட்ட வேண்டும். அட்மிஷன் என்றால் முன்பணமும் கேட்பார்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கன்சல்டேஷன் கட்டணமே ஏறிவிடும். அந்தக் காசுக்காகக் காலை வரை காத்திருப்பது மட்டும் வேண்டாம்.

ரத்தத் துளியை ஸ்லைடில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர்தான் மலிவு, சில நூறு ராண்டில் முடியும். அடுத்தது முழு ரத்த எண்ணிக்கை. அதற்கு மேல் கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள், கிட் சோதனை. கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். இவை எல்லாவற்றையும்விட விலை கூடியது. நாயை அட்மிட் செய்து ரத்தமும் ஏற்ற வேண்டி வந்தால் பில் பத்தாயிரம் ராண்டைத் தாண்டுவது அதிசயமில்லை. கையில் பணம் குறைவு என்றால் மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "ஸ்மியரும் சிவப்பணு அளவைக் காட்டும் பி.சி.வி.யும் இன்றைக்குப் பார்த்துவிடலாம், மற்றதை அதன் பிறகு முடிவு செய்யலாம்." நல்ல மருத்துவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். வருமானம் குறைந்தவர்களுக்கு எஸ்.பி.சி.ஏ. போன்ற விலங்குநலக் கிளினிக்குகள் உண்டு. வருமானச் சான்றையும் முகவரிச் சான்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், பாலிசி தொடங்கிய பிறகு காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அறிக்கையில் நோயின் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் கிளெய்ம் நிற்காது. சோதனை இல்லாமல் ஊசி போட்டால் வரும் சங்கடங்களில் இதுவும் ஒன்று.

5. ஸ்மியர்: காது நுனியிலிருந்து ஒரு துளி

பேபிசியாவுக்கு இதுதான் முதல் சோதனை. பெரும்பாலும் கடைசிச் சோதனையும் இதுவே. கால் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்திலும் ஸ்மியர் செய்யலாம். ஆனால் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களில் தேங்கி நிற்கும் என்பதால், காது ஓரத்தில் குத்தி எடுத்த துளியில் கண்ணில் படும் வாய்ப்பு கூடுதல். "காதிலிருந்து எடுக்க முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

நாங்கள் இரண்டாவதாகப் போன இடத்தில் அந்த அம்மா எங்கள் கண்முன்னே செய்தார். காது மடலின் ஓரத்தில் மெல்லிய ஊசியால் ஒரு குத்து. நாய் தலையைக்கூட ஆட்டவில்லை. வந்த துளியை ஸ்லைடின் ஒரு முனையில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. காற்றில் ஆட்டிக் காய வைத்து, மூன்று ஜாடிகளில் மாற்றி மாற்றி முக்கி, குழாய்த் தண்ணீரில் அலசினார். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பூச்சு மெலிந்து முடியும் ஓரத்தையே தேடினார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார். வெளிறிய சிவப்பணுவுக்குள் ஊதா நிறத்தில், நீண்ட துளி வடிவில், முனைகள் ஒட்டியபடி ஜோடியாக இரண்டு. காத்திருக்கும் அறையில் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இதற்கு நேரமில்லை என்று ஒரு கிளினிக் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

நெகட்டிவ் என்றால்? ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் ஸ்மியரில் தப்பிவிடும். காய்ச்சலும் ரத்தக் குறைவும் தொடர்ந்தால் சில மணி நேரத்திலோ மறுநாளோ இன்னொரு ஸ்மியர் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு நெகட்டிவ்வை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

எர்லிகியாவும் ஸ்மியரில் சிலசமயம் வெள்ளணுவுக்குள் கொத்தாகத் தெரியும். அது அரிது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. உண்ணியை நாய் விழுங்குவதால் வரும் ஹெப்படோசூன் என்ற இன்னொன்றும் வெள்ளணுவில்தான் தென்படும்.

6. எஃப்.பி.சி.யும் கூடவே சில எண்களும்

முழு ரத்த எண்ணிக்கையை ஊரில் சி.பி.சி. என்போம், இங்கே எஃப்.பி.சி. என்பார்கள். ஊதா மூடிக் குழாயில் எடுப்பார்கள். அறிக்கை வந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியவை:

பி.சி.வி. அல்லது ஹெச்.சி.டி.: ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது. நாய்க்குச் சுமார் 37 முதல் 55 வரை இயல்பு. 15 பக்கம் இறங்கினால் ரத்தம் ஏற்றும் பேச்சு வரும். இறங்கும் வேகமும் முக்கியம். அதனால் முதல் நாள் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட்லெட்: பேபிசியாவிலும் குறையும், எர்லிகியாவிலும் குறையும். பிளேட்லெட் குறைவு என்ற ஒன்றை மட்டும் காட்டி "எர்லிகியாதான்" என்று யாராவது சொன்னால், வேறென்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

சர்க்கரை: இதைக் கேட்டு வாங்குங்கள். பேபிசியா ரோசியில் ரத்தச் சர்க்கரை திடீரென்று விழும். இந்த நாட்டு அளவுமுறையில் 3.3க்குக் கீழே போனால் நாய் அபாய நிலையில் இருக்கிறது. ஊர் அளவுமுறையில் அது சுமார் 60. எண் சின்னதாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அலகுதான் வேறு.

ரத்தத் துளியோடு சலைன் என்ற உப்பு நீரைக் கலந்து ஸ்லைடில் ஆட்டிப் பார்க்கும் ஒரு சிறு சோதனையும் உண்டு. சிவப்பணுக்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்தால், நாயின் எதிர்ப்புச் சக்தியே அதன் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது சிகிச்சை மாறும். மஞ்சள் காமாலையோ வாந்தியோ இருந்தால் சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும் காமாலைக்குப் பிலிருபினும் பார்ப்பது அவசியம். யூரியா மட்டும் கூடியிருந்தால் சிறுநீரகம் போய்விட்டது என்று பதற வேண்டாம். சிவப்பணு உடையும்போது யூரியா தனியாகவும் ஏறும். கிரியாட்டினினைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

7. கிட் சோதனை: பாசிட்டிவ் என்றால் நோய் என்றில்லை

கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் புள்ளிகள் காட்டும் கிட்கள் இருக்கின்றன. அதிகம் தென்படுவது ஸ்னாப் 4டிஎக்ஸ். இதில் இதயப்புழுவுக்கு ஆன்டிஜென், அதாவது புழுவிலிருந்து வரும் பொருளைப் பார்ப்பார்கள். எர்லிகியா, அனாபிளாஸ்மா, லைம் என்ற உண்ணி நோய்கள் மூன்றுக்கும் ஆன்டிபாடி. பேபிசியா இதில் கிடையவே கிடையாது. எல்லாம் நெகட்டிவ் என்று கிட் காட்டினாலும் நாய்க்குப் பிலியரி இருக்கலாம். புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஆன்டிபாடி என்பது கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்ததற்கான அடையாளம். தொற்றிய முதல் வாரத்தில் நெகட்டிவ் வரலாம். குணமாகிய பிறகும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடப் பாசிட்டிவ் காட்டும். சென்னையில் எர்லிகியா வந்து குணமான நாய் இங்கேயும் பாசிட்டிவ் காட்டினால் அதில் ஆச்சரியமில்லை. அறிகுறி, பிளேட்லெட், பி.சி.ஆர். எல்லாம் சேர்த்துத்தான் முடிவு.

8. பி.சி.ஆர். எப்போது?

ஸ்மியரில் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அவசரத்துக்கு இது தேவையில்லை. ஸ்மியர் நெகட்டிவ், ஆனால் சந்தேகம் தீரவில்லை. அல்லது எந்த இனம் என்று தெரிய வேண்டும். அல்லது எர்லிகியா இப்போது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: இவற்றுக்குத்தான். ஊதா மூடிக் குழாய், மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்த ரத்தம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் போதும். முடிவு வர நாட்கள் ஆகும். வெள்ளி மாலை எடுத்தால் வார இறுதியும் சேரும். அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்க மாட்டார்கள். ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு ஊசியைப் போடுவார்கள், அதுதான் சரி. எடுத்து வைத்த குழாயை அனுப்பலாமா வேண்டாமா என்று மறுநாள்கூட முடிவு செய்யலாம். பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்களுக்கு ஓண்டர்ஸ்டபூர்ட்டில் உள்ள பிரிட்டோரியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான பேபிசியாவை நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் இடம் அது.

9. ரத்தத்தில் தெரியாதவை

குடற்புழுவுக்கு ரத்தப் பரிசோதனை கேட்காதீர்கள், மலம் வேண்டும். இந்த நாட்டில் உணவுக்குழாயில் கட்டி கட்டும் ஸ்பைரோசெர்கா என்ற புழுவும் உண்டு. அதற்கு எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும்தான் நம்பகமானவை.

10. ஊசிக்குப் பிறகு

போட்ட மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். டிமினசின் (மேலே சொன்ன பெரினிலில் உள்ள மருந்து) போட்டிருந்தால் 21 நாளுக்குள் மறுபடி போடுவது ஆபத்து. அடுத்த கிளினிக்குக்கு அது தெரிய வேண்டும். சில இடங்களில் டிரைபன் ப்ளூ என்ற நீலச் சாய மருந்தைக் கொடுப்பார்கள். ஈறும் தோலும் நீலமாகிவிடும்; பயப்பட வேண்டாம். ஆனால் அதன்பின் ஈற்று நிறத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்பதால் பி.சி.வி.யை எண்ணாகத்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் ஒரு பி.சி.வி.யும் ஸ்மியரும் கட்டாயம். நாய் சாப்பிட ஆரம்பித்துவிட்டதே என்று இதை விடாதீர்கள். ஒட்டுண்ணி போன பிறகும் சிவப்பணு உடைவது தொடரலாம். அறிக்கைகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

11. ஊரிலிருந்து நாயைக் கொண்டுவருகிறவர்களுக்கு

இங்கே ரத்தப் பரிசோதனைதான் நுழைவுச்சீட்டு. தென்னாப்பிரிக்க வேளாண் துறையின் இறக்குமதி அனுமதி முதலில் வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் எடுத்த ரத்தத்தில் புரூசெல்லா கேனிஸ், டிரிபனோசோமா இவான்சி, பேபிசியா கிப்சோனி, இதயப்புழு, லீஷ்மேனியா ஐந்தும் நெகட்டிவ் என்று அறிக்கை வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் எந்த முறையில் சோதிக்க வேண்டும் என்பது அனுமதித் தாளிலேயே இருக்கும். லேபில் வேறு முறையில் செய்து கொடுத்தால் அந்தத் தாள் செல்லாது. ரத்தம் எடுக்கும் முன் அனுமதித் தாளை லேபுக்கு அனுப்பி, "இதே முறையில் செய்வீர்களா, எத்தனை நாளில் தருவீர்கள்?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 30 நாள் என்பது நீளமாகத் தோன்றும். குழாய் வெளியூர் லேபுக்குப் போய் முடிவு வருவதற்குள் பாதி கரைந்துவிடும். டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

பேபிசியா கிப்சோனி தமிழ்நாட்டு நாய்களில் சாதாரணமாகக் காணப்படுவது, உடம்பைவிட்டு எளிதில் போகாதது. கடைசி மாதத்தில் பாசிட்டிவ் வந்தால் பயணமே நின்றுவிடும். பல மாதம் முன்பே ஒருமுறை சொந்தச் செலவில் பார்த்துவிடுங்கள். சிகிச்சைக்கு அவகாசம் கிடைக்கும். இதயப்புழு ஆன்டிஜென் சோதனை, தொற்றி ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துத்தான் காட்டும். இங்கே வந்த பிறகும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஏற்றுமதிச் சான்றுக்குச் சென்னையில் உள்ள மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் மையத்துக்குப் போக வேண்டும். புறப்படும் நாட்டைப் பொறுத்து, வந்து இறங்கியதும் குறைந்தது 14 நாள் அரசுக் காப்பகத்தில் வைப்பார்கள். அதற்கும் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். மைக்ரோசிப்பை ரத்தம் எடுப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். அந்த 15 இலக்க எண் தடுப்பூசிப் புத்தகம், லேப் படிவம், ஐந்து அறிக்கைகள், ஏற்றுமதிச் சான்று எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு நாயின் ரத்தம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.